மாமியாரும் மருமகளும் தோழிகளானால்: ‘பரோமிதார் ஏக் தின்’

மாணவர்களிடம் ‘மாமியார் பாத்திரத்தை விவரி’ என்று கேட்டுப் பாருங்கள். “கொடுமைக்காரி சார்!” என்று உடனே பதில் வரும். டிவி நாடகங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வங்காளப் படம் கைகொடுக்கும்.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பரோமிதார் ஏக் தின்’ படத்தை இயக்கியவர் அபர்ணா சென். தலைப்பின் பொருள் ‘பரோமிதாவின் ஒரு நாள்’. மாமியார் சனகாவாக அவரே நடித்தார். மருமகள் பரோமிதாவாக ரிதுபர்ணா சென்குப்தா நடித்தார். சிறந்த வங்காளப் படத்துக்கான இந்தியத் தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது.

கதைப்பின்னல்: சனகா இறந்துவிட்டார். சிராத்தச் சடங்குக்காக, மணமுறிவு பெற்று மறுமணமும் செய்துகொண்ட பரோமிதா, கொல்கத்தாவில் உள்ள அந்தப் பழைய வீட்டுக்கு வருகிறாள். அந்த ஒரே நாளில் பழைய நினைவுகள் விரிகின்றன. இதுதான் பின்னோக்கு உத்தி. ‘முன்னாள் மருமகள் ஏன் வந்தாள்?’ என்ற கேள்வியை முதலில் எழுப்பி, விடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தர இந்த உத்தி உதவுகிறது.

நட்பு எப்படி மலர்ந்தது? சனகாவின் மகள் குக்குவுக்கு மனச்சிதைவு நோய். பரோமிதாவின் மகனுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். இரண்டு தாய்மாருக்கும் ஒரே வலி. ஒருவர் சொல்லாமலே மற்றவருக்குப் புரிகிறது. சேர்ந்து சுமந்ததால் வந்த நெருக்கம் இது.

முரண்: சனகாவை ஒருகாலத்தில் விரும்பியவர் மணி. சௌமித்ர சாட்டர்ஜி அந்தப் பாத்திரத்தில் வருகிறார். சனகா குடும்பத்தை விட்டு வெளியேறவில்லை. மகனை இழந்த பரோமிதாவோ வெளியேறுகிறாள். சனகாவால் அந்தப் பிரிவைத் தாங்க முடியவில்லை. ஆனாலும், சனகா நோயில் விழுந்ததும் பணிவிடை செய்ய வருபவள் அதே பரோமிதாதான். மணமுறிவுக்குப் பிறகு சட்டப்படி இருவருக்கும் உறவு இல்லை. மிச்சம் இருந்தது நட்பு மட்டுமே.

தேர்வுக்கு ஒரு குறிப்பு: மாணவர்களே, ‘சனகா அன்பானவர்’ என்று மட்டும் எழுதினால் போதாது. பண்பைச் சொன்னதும் சான்று காட்டுங்கள். பிறகு, அவரிடம் உள்ள முரணையும் எழுதுங்கள். மருமகளை நேசித்தவரே அவளுடைய விடுதலையை ஏற்கத் தடுமாறினார் அல்லவா? அதைத் தொட்டால்தான் பாத்திரத்துக்கு உயிர் வரும், விடைக்கும் ஆழம் வரும்.

வகுப்பில் கலந்துரையாட: பரோமிதா வீட்டை விட்டுப் போனது சனகாவுக்குச் செய்த துரோகமா? இல்லை, சனகாவால் வாழ முடியாமல் போன வாழ்க்கையை அவள் வாழ்ந்து காட்டினாளா? இரண்டு பக்கமும் பேசவிடுங்கள். “கொடுமைக்காரி சார்!” என்ற பதில் தானாகவே மறைந்துவிடும்.