சாரம்: எல்லா இடுப்புக்கும் பொருந்தும் உடை

பருத்திக் கைத்தறி. சுமார் 2 மீற்றர் துணி. இரு முனைகளும் சேர்த்துத் தைக்கப்பட்டவை.

கிழக்கிலங்கையின் சீனன்குடாவில் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர் சாரத்தை மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டுவார். வீட்டில் கணுக்கால் வரை இறக்கிவிடுவார். கிணற்றடியில் பெண்கள் இதுபோன்ற துணியை மார்புக்கு மேல் குறுக்குக்கட்டாகக் கட்டிக் குளிப்பார்கள். பொத்தான் இல்லை, இடுப்பளவு இல்லை. ஆளுக்கேற்பக் கட்டு மட்டுமே மாறும்.

உடலளவுக்கு வெட்டித் தைக்காத இந்த உடை இந்துமாகடல் கரைகளுக்குப் பொதுவானது. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டமிட்ட துணிகள் மலாய்த் துறைமுகங்களுக்குக் கப்பலேறின. அங்கே ஆணும் பெண்ணும் சாரம் உடுத்தார்கள், இன்றும் உடுக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கரையோரச் சிங்கள ஆண்கள் நீண்ட தலைமுடியைக் கொண்டையிட்டு, ஆமையோட்டுச் சீப்புச் செருகி, கம்பாயம் என்னும் இடுப்புத் துணியை உடுத்தார்கள். ஆண் யார், பெண் யார் என்று தடுமாறியதை ஐரோப்பியப் பயணிகள் எழுதிவைத்தார்கள்.

ஐரோப்பாவின் உயர்விலை ஆடையுலகம் ஆணும் பெண்ணும் ஒரே உடையை உடுக்கும் இந்த நிலைக்கு வரக் காலம் எடுத்தது. பரிஸ் வடிவமைப்பாளர் ஜோன் போல் கோல்ட்டியே தமது 1985 ஆண்கள் தொகுப்பில் பாவாடையைச் சேர்த்தார். 1998இல் உதைபந்தாட்ட வீரர் டேவிட் பெக்கம் கோல்ட்டியேயின் சாரத்தை உடுத்தபோது பிரித்தானியப் பத்திரிகைகள் பரபரத்தன. லண்டன் செல்ஃபிரிட்ஜஸ் அங்காடி 2015இல் ஆண், பெண் பிரிவில்லாத விற்பனைப் பகுதியை அமைத்தது. 2020இல் கூச்சி நிறுவனமும் தன் இணையக்கடையில் அவ்வாறே ஒரு பிரிவைத் திறந்தது.

இலங்கையின் கிழக்கில் மருதமுனைத் தறிகள் இன்றும் சாரம் நெய்கின்றன. பரிஸ் மேடைக்குக் கிடைக்கும் மதிப்பு அந்த நெசவாளர்களுக்கும் உரியது.