நவாப்பின் நாய்களும் இளவரசனின் நாயும்



மகாபாரதக் கதை கேட்டவர்களுக்கு அந்த நாயை நினைவிருக்கும். அரசைத் துறந்து பாண்டவர் ஐவரும் திரௌபதியும் வடக்கு நோக்கி நடக்கிறார்கள். ஒரு நாயும் கூடவே போகிறது. வழியில் ஒவ்வொருவராக விழுந்து மடிய, கடைசியில் தருமரும் நாயுமே மிஞ்சுகிறார்கள். தேரோடு வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு ஏறிக்கொள் என்கிறான். என்னை நம்பி வந்த உயிரை விட்டு நான் மட்டும் வரமாட்டேன் என்று நின்றுவிடுகிறார் தருமர். இந்தக் கதையை உருகிக் கேட்கும் நாமேதான், நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு எங்கோ போகும் என்றும் பழமொழி சொல்கிறோம். நாயைப் பற்றி நமக்கு இரண்டு மனம் உண்டு. இன்று நான் சொல்லப்போகும் செய்திக்கு அந்த இரண்டு மனமும் வேண்டியிருக்கிறது.

குஜராத் மாநிலத்தின் தென்மேற்கே, கடல் சூழ்ந்த பகுதி சௌராஷ்டிரம். மதுரையில் பட்டு நெய்யும் சௌராஷ்டிர மக்களின் பூர்வீகம் அதுதான். அங்கே கிர்னார் மலையடிவாரத்தில் உள்ளது ஜூனாகத் நகரம். பாபி என்னும் வம்சத்து நவாப்புகள் 18ஆம் நூற்றாண்டு முதல் அங்கே ஆண்டார்கள். அவர்களில் கடைசியாக ஆண்டவர் மூன்றாம் மகாபத்கான். 1900ஆம் ஆண்டு பிறந்து, 1911இல், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதிலேயே பட்டத்துக்கு வந்துவிட்டார். முழு ஆட்சிப் பொறுப்பு 1920இல்தான் கைக்கு வந்தது.

இவருக்கு நாய்கள் என்றால் உயிர். 800 நாய்கள் வளர்த்தார், ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி வேலையாள் என்றெல்லாம் நூல்களில் எழுதியிருக்கிறார்கள். ரோஷனாரா என்னும் செல்லப் பெண் நாய்க்கும் பாபி என்னும் ஆண் நாய்க்கும் ஊரைக் கூட்டி, யானை அலங்காரத்தோடு கலியாணம் செய்துவைத்தார் என்பது எல்லாவற்றிலும் பெரிய கதை. சொல்பவர் வாய்க்கு வாய் விருந்தாளிகளின் தொகையும் செலவும் ஏறிக்கொண்டே போகும். 800 என்ற தொகையை யாரும் வரிசையில் நிறுத்தி எண்ணியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அவர் நாய்ப் பித்தர் என்பதில் ஐயமில்லை.

1947 வந்தது. வெள்ளையர் வெளியேறினர். சமஸ்தானங்கள் இந்தியாவோடு சேர்வதா, பாகிஸ்தானோடு சேர்வதா என்பதை அந்தந்த மன்னர்களே முடிவு செய்யவேண்டிய நிலை. ஜூனாகத் மக்களில் 100க்கு 80 பேருக்கு மேல் இந்துக்கள். சோமநாதர் கோயில் இருந்த இடமும் அந்தச் சமஸ்தானத்துக்குள்தான். நிலவழியில் பாகிஸ்தானோடு தொடர்பே இல்லை. இருந்தும் ஆகஸ்டு 15ஆம் நாள், பாகிஸ்தானோடு சேர்வதாக நவாப் அறிவித்தார். மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. செப்டம்பரில் பம்பாயில் சாமள்தாஸ் காந்தி தலைமையில் ஒரு மாற்று அரசு அமைந்தது. எல்லையில் இந்தியப் படை வந்து நின்றது. சரக்கும் வருமானமும் நின்றுபோயின. அக்டோபர் கடைசியில் நவாப் குடும்பத்தோடு விமானமேறிக் கராச்சிக்குப் போய்விட்டார். திவானாக இருந்த சர் ஷா நவாஸ் பூட்டோ, பின்னாளில் பாகிஸ்தானின் பிரதமரான சுல்பிகார் அலி பூட்டோவின் தந்தை, நிர்வாகத்தை ஏற்றுக்கொள்ளும்படி இந்தியாவைக் கேட்டுக்கொண்டார். நவம்பர் 9ஆம் நாள் ஜூனாகத் இந்தியாவின் கைக்கு வந்தது.

அந்த விமானப் பயணத்தைப் பற்றித்தான் பெரிய கதை. சமஸ்தானங்களை இணைத்த வேலையில் சர்தார் பட்டேலுக்கு வலக்கையாக இருந்த வி. பி. மேனன் அதை எழுதிவைத்திருக்கிறார். கருவூலத்துப் பணத்தையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு நவாப் கிளம்பினாராம். குழந்தையை அரண்மனையில் மறந்துவிட்டு வந்த பேகம் ஒருவர் அதை எடுத்துவர ஓடினாராம். அவர் திரும்புவதற்குள் அந்த இடத்தில் இன்னும் இரண்டு நாய்களை ஏற்றிக்கொண்டு விமானம் பறந்துவிட்டதாம்.

கேட்டவுடன் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. ஆனால் கதையை எழுதியவர் வென்ற தரப்பில் இருந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. தோற்று ஓடியவனைப் பற்றி எதைச் சொன்னாலும் ஊர் நம்பும். நம் தோட்டத்துப் பெரியவர்களும் துரையை அளப்பதற்கு அவர் பங்களா நாயைத்தான் படியாக வைத்திருந்தார்கள். 'நாய்க்கு இறைச்சி, நமக்குக் கருவாடு' என்று சொல்லிவிட்டால் போதும், துரையின் குணம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டதாக எண்ணம். ஆத்திரம் நியாயமானதுதான். ஆயினும் சம்பளக் கணக்கையும் லயத்துக் கூரை ஒழுகுவதையும் அந்த ஒரு சொல் பின்னுக்குத் தள்ளிவிடும்.

ஜூனாகத்திலும் அப்படியே ஆயிற்று. நவாப் செய்த பெரும் பிழை நாய்களை ஏற்றிக்கொண்டு போனது அன்று. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் தலைவிதியை அவர்களைக் கேளாமல் எழுதியதுதான் பிழை. மக்களைக் கேட்டபோது என்ன சொன்னார்கள்? 1948 பிப்ரவரி 20இல் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுக்கு 1,90,779 வாக்கு, பாகிஸ்தானுக்கு 91. இந்தக் கணக்கை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலர். நாய்க் கலியாணத்தை நினைவில் வைத்திருப்பவர்களோ பலர்.

நாய்க் கதை இன்னொன்றையும் மறைத்துவிட்டது. ஆசியச் சிங்கம் காட்டில் உயிரோடு திரிவது இன்று குஜராத்தில் கீர் வனத்திலும் அதைச் சுற்றிய பகுதியிலும் மட்டுமே. வேட்டையால் அடியோடு அழிய இருந்த இனம் அது. அதைக் காத்தவர்கள் ஜூனாகத் நவாப்புகள். மகாபத்கானும் அந்தக் காவலைத் தொடர்ந்தவர். 2025ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள் இருந்தன. நவாப் நாடு திரும்பவே இல்லை. 1959இல் கராச்சியில் காலமானார்.

இனி, இதற்கு நேர் எதிரான ஒரு நாயைப் பார்ப்போம்.

ருஷ்ய நாட்டின் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலாஸ். அவருடைய ஒரே மகன் அலெக்ஸி, 1904இல் பிறந்தவன். அவனுக்கு இரத்தம் உறையாத நோய். இடறி விழுந்தால்கூட உள்ளே இரத்தம் கசிந்து நாள் கணக்கில் துடிப்பான். மற்றப் பிள்ளைகளைப்போல் ஓடியாட வழியில்லாத அந்தப் பையனுக்குத் துணை ஒரு ஸ்பேனியல் நாய். தொங்கும் காதுகளை உடைய சாதி அது. பெயர் ஜாய், ஆங்கிலத்தில் மகிழ்ச்சி என்று பொருள்.

1917இல் புரட்சி வந்து அரசு போயிற்று. குடும்பத்தைக் காவலில் வைத்துச் சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு எகாதரின்பர்க் நகரில் ஒரு வீட்டில் அடைத்தார்கள். நாயும் கூடவே போயிற்று. 1918 ஜூலை 16ஆம் நாள் இரவு விடிவதற்குள், தாய் தந்தை, நான்கு பெண்கள், 13 வயது அலெக்ஸி, மருத்துவர், பணியாளர் மூவர் ஆகப் 11 பேரையும் அந்த வீட்டுக் கீழறையில் சுட்டுக் கொன்றார்கள். ஜாய் தப்பியது. லெத்தெமின் என்ற காவலாளி அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். சில நாளில் எதிர்ப்படை நகரைப் பிடித்தது. அவன் வீட்டில் இளவரசனின் நாய் இருந்ததைக் கண்டு அவனைப் பிடித்து விசாரித்தார்கள். பசியால் சாகாமல் இருக்கட்டும் என்றே எடுத்துவந்தேன் என்றான். கொலை நடந்த வீட்டைக் காவல் காத்தவன் ஒருவனை அந்த நாய்தான் காட்டிக்கொடுத்தது.

இந்தக் கதை கேட்டால் கண் கலங்குகிறது. கலங்கிய கண்ணுக்கு வேறொன்று தெரியாமல் போகக்கூடும். 1905இல் மனுக் கொடுக்க அரண்மனை நோக்கி வந்த ஏழைத் தொழிலாளர்களை இதே சக்கரவர்த்தியின் படை சுட்டுத் தள்ளியது. ஜூனாகத்தில் நாய் நம்மைச் சிரிக்கவைத்து நவாப்பின் உண்மைக் குற்றத்தை மறைத்தது. ருஷ்யாவில் நாய் நம்மை அழவைத்து மன்னரின் குற்றத்தை மறைக்கிறது. அதற்காகப் பிள்ளைகளைச் சுட்டது சரி என்று ஆகிவிடாது.

நாய்க்கு இதெல்லாம் தெரியாது. நம் பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபோது, குடும்பங்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கு மூட்டை கட்டின. அங்கே நாய்க்கு இடமில்லை. ஆளில்லாத லயத்து வாசலில், பால்வாளியோடு எசமான் வரும் நேரம் பார்த்து நாய்கள் படுத்திருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஜாயின் கதை முடிந்தது இங்கிலாந்தில். ரோட்ஸியாங்கோ என்ற ருஷ்யப் படை அதிகாரி அதைத் தம்மோடு கப்பலில் கொண்டுபோனார். அதற்குள் அதன் கண்பார்வை மங்கிவிட்டிருந்தது. வின்சர் நகருக்கு அருகில் வாழ்ந்து, அங்கேயே இறந்தது. வின்சர் கோட்டை ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனை. அவர் நிக்கலாஸுக்குப் பெரியம்மா மகன். 1917இல் அந்தக் குடும்பத்துக்குப் புகலிடம் தருவதாக முதலில் இசைந்து, பிறகு மறுத்துவிட்டவர் அவர்.