வேலை முடிவதைச் சொல்லும் முறை

இரத்தினபுரி மாவட்டத்தில் சிங்கராசக் காட்டின் அயலிலே அமைந்திருப்பது கலவான. மழை மிகுந்த பிரதேசம். ஒரு சரிவில் தேயிலையும் மறு சரிவில் இறப்பரும் நிற்கும். சிற்றுடைமையாளரின் காணிகளுக்கு இடையிடையே பெருந்தோட்டங்களும், அவற்றின் நடுவே நெடிய லயங்களும் காணப்படும். இத்தகைய தோட்டம் ஒன்றிலே, ஒரு நாள் விடியற்காலை, பெரட்டுக் களத்தில் ஒரு பேச்சு எழுகிறது எனக் கொள்வோம். "ஸ்டோரை மூடப்போகிறார்களாம், பாதிப் பேருக்கு இனி வேலை இல்லையாம்" என்பதே அப்பேச்சு. அதைச் சொன்னவர் இன்னொருவர் சொல்லக் கேட்டவர். அந்த இன்னொருவரோ கந்தோரின் வாசலில் அரைகுறையாகக் கேட்டவர். துரையிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்ணின் கை அன்று கூடையை நாடுகிறதே தவிர, மனம் வீட்டிலுள்ள பிள்ளைகளைச் சுற்றுகிறது.

வேலையை இழப்பது ஒரு துன்பம். இழக்கப்போகிறோமா இல்லையா என்று அறியாமல் வாரக்கணக்கில் தவிப்பது மற்றொரு துன்பம். முதலாவது சில வேளைகளில் தவிர்க்க முடியாதது. மரங்கள் முதுமை அடையலாம், தொழிற்சாலை நட்டத்தில் நடக்கலாம், விளைச்சல் குன்றலாம். 2021 ஆம் ஆண்டு இரசாயன உரத்தின் இறக்குமதி தடை செய்யப்பட்டபோது தேயிலைத் தோட்டங்கள் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டாவது துன்பம் முழுவதும் மனிதரால் ஆக்கப்படுவது. ஆகவே மனிதரால் தவிர்க்கத்தக்கது. ஆட்குறைப்பை எப்பொழுது அறிவிப்பது, எவ்வாறு அறிவிப்பது என்ற இரு வினாக்களும் இதனாலேயே ஆராயத் தக்கவையாகின்றன.

நகரத்து அலுவலகத்தில் வேலை இழப்பவர் மாலையில் தம் வீட்டுக்குத் திரும்பிச் செல்கிறார். தோட்டத் தொழிலாளிக்கோ வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. லயத்து அறை, குடிநீர்ப் பீலி, பிள்ளைக் காம்பரா, மருந்தகம் யாவும் தோட்டத்தையே சார்ந்தவை. பெரும்பாலும் கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்திலே பேர் பதிந்திருப்பார்கள். ஆகவே ஒரே கடிதத்தில் ஒரு குடும்பத்தின் இரு வருமானங்களும் நின்றுவிடக்கூடும்.

இதன் கொடுமையைச் சப்பிரகமுவ மாகாணம் கண்ணாரக் கண்டிருக்கிறது. 1946 ஆம் ஆண்டில் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, நிலமற்ற கிராமத்தவரைக் குடியேற்றும் பொருட்டு அரசாங்கம் கையேற்றது. அங்கே வாழ்ந்த தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் வழங்கப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தார்கள். அத்துமீறிக் குடியிருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை இந்தியன் காங்கிரசின் தலைமையில் பல தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. கிராமத்தவரின் நிலத் தேவையும் உண்மையானதே. எனினும் அந்நிலத்தில் உழைத்தவர்கள் இனி எங்கே போவது என்ற கேள்விக்கு விடை காணாமலே அவர்களைப் போகச் சொன்னது பெரும் பிணக்காக முடிந்தது. பின்னர் 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ்த் தோட்டங்கள் கைமாறியபோதும், வேலையும் இருப்பிடமும் இழந்த குடும்பங்கள் பல வன்னிப் பகுதியை நோக்கிச் சென்றன.

இத்தகைய அனுபவங்களைக் கொண்ட நாட்டிலே சட்டம் வாளாவிருக்கவில்லை. 1889 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்திலேயே, மாத ஒப்பந்தத்தை முடிப்பதற்கு ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும் என்ற விதி இருந்தது. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்திலே, பின்னர் வந்த திருத்தத்தின் வழியாக ஆட்குறைப்புப் பற்றிய பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதன்படி, ஆட்குறைப்புச் செய்யக் கருதும் வேலைகொள்வோர் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவ்வறிவித்தல் தொழிலாளிக்கும், அவர் சார்ந்த தொழிற்சங்கத்துக்கும் செல்ல வேண்டும். அதன் பிரதி தொழில் ஆணையாளருக்கும் செல்ல வேண்டும்.

இதனினும் வலிய சட்டம் 1971 ஆம் ஆண்டில் வந்தது. வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய 45 ஆம் இலக்கச் சட்டம் அது. முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்த வேலைகொள்வோரை அது கட்டுப்படுத்துகிறது. அவர்கள் ஒரு தொழிலாளியை ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக நிறுத்துவதாயின், இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, அத்தொழிலாளி எழுத்து மூலம் முன்கூட்டியே சம்மதம் தருவது. மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அங்கீகாரத்தை முன்கூட்டியே பெறுவது. இவ்விரண்டும் இன்றிச் செய்யப்படும் வேலைநீக்கம் சட்டத்தின் முன் செல்லாது. பாதிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் முறையிடலாம்.

நட்டஈட்டுக்கும் ஒரு வாய்பாடு உண்டு. முதல் ஐந்து ஆண்டு சேவைக்கு, ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரை, ஆண்டொன்றுக்கு இரண்டு மாதச் சம்பளம். அதற்குமேல் இவ்வீதம் படிப்படியாகக் குறையும். பத்து ஆண்டு உழைத்தவருக்கு முதல் ஐந்தாண்டுக்குப் பன்னிரண்டரை மாதமும், அடுத்த ஐந்தாண்டுக்குப் பத்து மாதமுமாக, மொத்தம் இருபத்திரண்டரை மாதச் சம்பளம் கணக்காகும். இதைத் தவிர, ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் சேவை செய்தவருக்கு 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. ஊழியர் சேமலாப நிதியும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் உண்டு. லயத்து அறையைப் பொறுத்தவரை, 1971 ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய சட்டப்படி, நீதிமன்றக் கட்டளையின்றி எவரையும் அங்கிருந்து வெளியேற்றலாகாது.

சட்டம் சொல்வது குறைந்த அளவு. நல்ல நிருவாகம் அந்த அளவோடு நிற்பதில்லை. அவ்வாறாயின் எப்பொழுது அறிவிக்க வேண்டும்? முடிவு செய்தபின் அறிவிப்பது ஒரு முறை. முடிவு உருவாகும்போதே அறிவிப்பது மற்றொரு முறை. இரண்டாவதே சிறந்தது. சர்வதேசத் தொழில் தாபனம் 1982 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 158 ஆம் இலக்கச் சமவாயம், காரணம் யாது, எத்தனை பேர், எவ்வகைத் தொழிலாளர், எக்காலத்தில் என்பவற்றைத் தொழிலாளரின் பிரதிநிதிகளுக்குத் தக்க காலத்தில் தெரிவித்து, வேலைநீக்கத்தைத் தவிர்க்கவோ குறைக்கவோ வழி உண்டா என்று அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்கிறது. பிரித்தானியாவில் ஒரே நிலையத்தில் 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை இழக்கும் நிலை வந்தால், முதல் ஆள் நிறுத்தப்படுவதற்கு 45 நாட்களுக்கு முன்னதாகவே கலந்துபேச்சுத் தொடங்க வேண்டும். அமெரிக்காவில் 1988 ஆம் ஆண்டின் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு 60 நாள் முன்னறிவித்தலை விதித்தது. முன்கூட்டிச் சொன்னால் மாற்று வழி காண இடமுண்டு என்பதே இவற்றின் உட்கருத்து. ஸ்டோரில் வேலை செய்தவரை மலைக்கு மாற்றலாம்; அயல் தோட்டத்தில் இடம் தேடலாம்; ஓய்வு வயதை அண்மியவர் விருப்பத்தோடு விலக ஏற்பாடு செய்யலாம். கடைசி நாளிலே சொன்னால் இவற்றில் ஒன்றும் கைகூடாது.

தோட்டத்துக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. தீபாவளிக்கு முன்னே தொழிலாளர் முற்பணம் பெறுகிறார்கள். புத்தாடையும் பலகாரமும் பழைய கடனும் அதிலே கழிகின்றன. அம்முற்பணம் பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படுகிறது. மார்கழியில் ஆட்குறைப்பு வரும் என்பதை ஐப்பசியிலே அறிந்திருந்தும் வாயைத் திறவாத நிருவாகம், அறியாமையால் கடன்படுகிறவரை அறிந்துகொண்டே பார்த்திருக்கிறது. நகையை அடகு வைப்பது, சீட்டில் சேர்வது, தவணைக்குப் பொருள் வாங்குவது யாவும் அடுத்த மாதமும் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையிலே நடப்பவை. பிள்ளைகளின் கல்வியும் அப்படியே. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் குடும்பம் இடம்பெயர்ந்தால், பத்து ஆண்டுப் படிப்பு நடுவழியில் நின்றுவிடக்கூடும். செய்தி முன்பே தெரிந்தால், பரீட்சை முடியும் வரையிலேனும் பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டுவைக்கத் தாய் தந்தையர் வழி பார்ப்பார்கள்.

இனி, எவ்வாறு அறிவிக்க வேண்டும்? முதலாவது, செய்தி உரியவர் வாயிலிருந்தே வர வேண்டும். கணக்கப்பிள்ளையும் கங்காணியும் அதன் சுமையைத் தாங்கும்படி விட்டுவிட்டுத் துரை பங்களாவில் இருத்தல் தகாது. இரண்டாவது, தொழிற்சங்கத் தோட்டத் தலைவருக்கும் தொழிலாளருக்கும் ஒரே நாளிலே தெரிய வேண்டும். ஒரு சாராருக்கு முன்னும் மறு சாராருக்குப் பின்னும் தெரிவதே வதந்திக்கு வித்து. மூன்றாவது, கடிதம் தமிழிலே இருக்க வேண்டும். ஆங்கிலக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி ஊரெல்லாம் அலையும் நிலை எவருக்கும் நேரலாகாது. நான்காவது, அக்கடிதத்திலே காரணம், கடைசி நாள், ஆட்களைத் தெரிந்தெடுத்த முறை, கிடைக்கும் தொகையின் கணக்கு, வீடு பற்றிய நிலை ஆகிய ஐந்தும் தெளிவாக இருத்தல் வேண்டும். ஐந்தாவது, பெரட்டுக் களத்தில் பெயர்ப்பட்டியலை உரக்க வாசிக்கலாகாது. பெயர் வந்தவர்கள் ஒருவர் ஒருவராக, விரும்பினால் துணைக்கு ஒருவரோடு, கந்தோரில் அமர்ந்து கேட்க வாய்ப்பளிக்க வேண்டும். நிற்க வைத்துச் சொல்லும் செய்தியன்று இது.

முன்கூட்டிச் சொன்னால் வேலை கெடும், கொழுந்து குறையும், திறமையுள்ளோர் முதலில் போய்விடுவர் என்று வேலைகொள்வோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தில் சிறிது உண்மை உண்டு. ஆனால் மறைத்தால் வேலை கெடாது என்று எண்ணுவது தவறு. வதந்தி நுழைந்த தோட்டத்தில், போகப்போகிறவர் மட்டுமன்றி, இருக்கப்போகிறவரும் மனம் ஊன்றி வேலை செய்வதில்லை. தம் அயலவர் எவ்வாறு அனுப்பப்பட்டார் என்பதை எஞ்சியவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாளை நிருவாகம் சொல்லும் சொல்லை நம்புவதா வேண்டாமா என்பதை அன்றே அவர்கள் தீர்மானித்து விடுகிறார்கள்.

தொழிலாளருக்கும் கடமை உண்டு. புரியாத தாளில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இடலாகாது. அது சம்மதக் கடிதமாக இருக்கக்கூடும். சம்பளச் சீட்டுக்களையும் சேமலாப நிதிக் கூற்றுக்களையும் பேணி வைத்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் தொழிற்சங்கத்தையோ, அருகிலுள்ள தொழில் அலுவலகத்தையோ காலம் தாழ்த்தாமல் நாட வேண்டும்.

ஒரு தோட்டத்திலே முப்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண்ணுக்கு, அவள் நட்ட கன்றுகள் எந்த மலையில் நிற்கின்றன என்பது தெரியும். அவள் வேலையின் முடிவை மட்டும் அவளுக்குக் கடைசியாகத் தெரிவிப்பது நியாயமாகாது. வேலை கொடுக்க இயலாத காலம் எந்த நிறுவனத்துக்கும் வரலாம். அச்செய்தியை நேரத்தோடு, நேரிலே, விளங்கும் மொழியிலே சொல்ல இயலாத காலம் என்று ஒன்று இல்லை.