ஸாப்-70 பரிசோதனை முடிவைப் புரிந்துகொள்வது எப்படி?

நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா (சி.எல்.எல்.) என்பது இரத்தப் புற்றுநோய்களுள் ஒன்று. இந்நோய் கண்டறியப்பட்டோரின் ஆய்வக அறிக்கையில் ‘ஸாப்-70 நேர்மறை’ என்ற குறிப்பு இடம்பெறலாம். இதனைக் கண்டு அஞ்ச வேண்டாம். உடனடியாகச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இதன் பொருளன்று.

ஸாப்-70 என்றால் என்ன?

இது 2-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவிலிருந்து உருவாகும் நொதி. நோய் எதிர்ப்புப் பணியாற்றும் டி அணுக்களில் இயல்பாகவே காணப்படுகிறது. டி அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி அயற்பொருளை இனங்கண்டதும், அச்செய்தியை அணுவின் உட்பகுதிக்குக் கடத்த இந்நொதி உதவுகிறது.

இது குறிப்பானாகப் பயன்படுவது ஏன்?

சி.எல்.எல். நோய் பி அணுக்களில் தோன்றுகிறது. சிலருடைய புற்றணுக்களில் ஸாப்-70 மிகுந்திருக்கிறது. அத்தகையோரிடம் நோய் ஒப்பீட்டளவில் விரைவாக வளரக்கூடும் என 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின. புற்றணுக்களில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ இந்நொதியைக் கொண்டிருப்பின், அதனை ‘நேர்மறை’ எனக் கொள்வது வழக்கம்.

இப்பரிசோதனையின் வரம்புகள் யாவை?

இரத்த மாதிரியில் ஸாப்-70 கொண்ட இயல்பான டி அணுக்களும் கலந்திருப்பதால், புற்றணுக்களில் உள்ளதை மட்டும் பிரித்து அளப்பது கடினம். ஆய்வகத்திற்கு ஆய்வகம் முடிவு வேறுபடலாம். ஆகவே, ஐ.ஜி.எச்.வி. மரபணு மாற்றம், டி.பி.53 மரபணுப் பழுது, 17-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இழப்பு ஆகியவற்றை அறியும் பரிசோதனைகளே இன்று கூடுதலாக நம்பப்படுகின்றன. மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் இவை துணைபுரிகின்றன.

சிகிச்சை எப்போது தொடங்கும்?

அறிகுறிகள் இல்லாத தொடக்க நிலையில், நேர்மறை முடிவு பெற்றவர்களும் பெரும்பாலும் தொடர் கண்காணிப்பிலேயே வைக்கப்படுகின்றனர். இது புறக்கணிப்பு அன்று. தேவையற்ற மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தவிர்க்கும் முறையே ஆகும். கீழ்க்காணும் மாற்றங்கள் தோன்றினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்:

• காரணமின்றி உடல் எடை குறைதல்
• இரவில் உடை நனையுமளவு வியர்த்தல்
• நீடித்த காய்ச்சல் அல்லது அடிக்கடி தொற்று
• கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் கட்டிகள் பெரிதாதல்
• கடும் சோர்வு, மூச்சிரைப்பு, எளிதில் இரத்தக்கசிவு

காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ இரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவையா?

தேவையில்லை. புற்றணுக்களில் ஸாப்-70 மிகுந்திருப்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் மரபணுக் குறை அன்று.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

“நோய் இப்போது எந்த நிலையில் உள்ளது? ஐ.ஜி.எச்.வி., டி.பி.53 பரிசோதனைகள் செய்யப்பட்டனவா? அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது?” என்று கேளுங்கள். பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒரே ஓர் அறிக்கையைவிட, காலப்போக்கில் நிகழும் மாற்றமே மருத்துவருக்குத் தெளிவான வழிகாட்டியாகும்.