பட்டியலில் இல்லாத காளான்: எடை எதற்கு, தண்டனை எதற்கு?

புது தில்லி: மாட்டுச் சாணத்தில் தானாக முளைக்கும் ஒரு காளானை எப்படி எடை போடுவது? தாவரவியல் கேள்வி போலத் தோன்றினாலும், இதற்கான விடையைப் பொறுத்தே ஒருவர் ஜாமீனில் வெளிவருவதும் பத்தாண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனையை எதிர்கொள்வதும் அமைகின்றன.

கேரள மாநிலம் வயநாட்டில் 2024-ல் பதிவான ஒரு வழக்கு இக்கேள்வியை முன்னிறுத்தியது. சிறிதளவு சரஸ், கஞ்சாவுடன் 226 கிராம் போதைக் காளானும், அக்காளான் அடைத்த 50 கிராம் கேப்ஸ்யூல்களும் கைப்பற்றப்பட்டன. போதைக் காளானில் உள்ள வேதிப்பொருள் சைலோசைபின். அது 2 கிராம் வரை இருந்தால் "சிறிய அளவு'; 50 கிராமைத் தாண்டினால் "வணிக அளவு'. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவல். ஜாமீன் பெறுவதும் மிகக் கடினம்.

காளானின் மொத்த எடையைக் கணக்கிட்டால் 276 கிராம். ஐயமின்றி வணிக அளவு. காளானில் சைலோசைபின் சுமார் ஒரு சதவீதம் எனக் கொண்டு அதை மட்டும் கணக்கிட்டால் மூன்று கிராமைக்கூட எட்டாது. காளான் இயற்கையாக வளரும் பூஞ்சை, அதைக் கலவை எனக் கருத இயலாது என்று 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் கூறி, ஜாமீன் வழங்கியது. கர்நாடக, சென்னை உயர் நீதிமன்றங்களின் முந்தைய உத்தரவுகளையும் அது பின்பற்றியது. போதைப் பொருளுடன் கலந்துள்ள பிற பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கலவைக்குத்தான் பொருந்தும், காளானுக்கு அல்ல என்பது இதன் சாரம்.

பூர்விகம் எது?

போதைக் காளான்களில் உலகெங்கும் பரவலாக அறியப்பட்டது "சைலோசைபி கியூபென்சிஸ்'. அமெரிக்க ஆய்வாளர் பிராங்க்ளின் சம்னர் ஏர்ல் 1906-ல் கியூபாவில் கிடைத்த மாதிரியைக் கொண்டு இதை விவரித்ததால் அந்நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதன் பூர்விகம் கியூபா அல்ல. ஐரோப்பியர் கொண்டுவந்த கால்நடைகளுடனேயே அது அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது என்பது நெடுநாளைய கருத்து.

தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் இதன் மிக நெருங்கிய உறவினம் கண்டறியப்பட்டுள்ளது. இரண்டும் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்திருக்கலாம் என மரபணு ஆய்வு மதிப்பிடுகிறது. மனிதன் மாடு வளர்க்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, காட்டு விலங்குகளின் சாணத்தில் இக்காளான் இனம் தழைத்திருக்க வேண்டும். இந்தியாவுக்கும் இக்காளான் அயலானதல்ல. மழைக்காலத்தில் சாணத்தில் இது முளைக்கிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த, வயநாட்டின் பெயரைத் தாங்கிய ஓர் இனம் 2002-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது.

பொன்னிறம் கலந்த பழுப்புக் குடை, தண்டில் மெல்லிய வளையம், கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு வித்துகள் ஆகியன கியூபென்சிஸின் அடையாளங்கள். கசக்கினால் நீலம் பாரிக்கும். ஆனால் அடையாளம் தவறினால் ஆபத்து. ஈரலை அழிக்கும் நச்சுக் காளான்கள் சில இவற்றைப் போலவே தோற்றமளிக்கும். சைலோசைபின் உடலில் சைலோசினாக மாறி, மூளையில் செரடோனின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை காட்சியும் காலவுணர்வும் திரிகின்றன. மனச்சிதைவுக்கு ஆளாகும் வாய்ப்புள்ளோருக்கு இது கேடு விளைவிக்கக்கூடும்.

சட்டத்தின் மௌனம்

இவ்வேதிப்பொருளை 1958-ல் பிரித்தெடுத்தவர் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாப்மன். 1971-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை அதைக் கடும் கட்டுப்பாட்டுக்கு உரிய பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டமும் அவ்வழியே சென்றது. சைலோசைபின், சைலோசின் இரண்டும் அதன் அட்டவணையில் உள்ளன, காளான் இல்லை.

இது கவனிக்கத்தக்கது. கஞ்சா என்றால் செடியின் பூ அல்லது காய்க்கும் நுனி என்றும், நுனியின்றித் தனித்திருக்கும் இலையும் விதையும் அதில் அடங்கா என்றும் அதே சட்டம் நுணுக்கமாக வரையறுக்கிறது. அபின் தரும் கசகசாச் செடியும் கோகோ செடியும் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டுள்ளன. செடியைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் குறிப்பிடத் தெரிந்த சட்டம், காளானைக் குறிப்பிடவில்லை. அப்படியானால் பறித்து, உலர்த்தி, பொடித்துக் கேப்ஸ்யூலில் அடைத்த காளான் இயற்கைப் பொருளா, தயாரிப்பா? இதற்கும் சட்டத்தில் நேரடி விடை இல்லை.

பிற நாடுகள் இத்தகைய இடைவெளியை நாடாளுமன்றத்தின் மூலமோ அரசாணை மூலமோ அடைத்துள்ளன. பிரிட்டன் 2005-ல் பச்சைக் காளானையும் சட்டத்தில் சேர்த்தது. நெதர்லாந்து 2008-ல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. மறுபுறம், பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினைப் பரிந்துரைக்க ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அனுமதித்துள்ளது.

தடையா, தளர்வா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மேய்ச்சல் நிலத்தில் முளைத்த காளானுக்கும் வியாபாரியின் பையில் உள்ள கேப்ஸ்யூலுக்கும் சட்டம் வேறுபாடு காண வேண்டும். எதை எடை போடுவது என்பதை ஒவ்வொரு ஜாமீன் மனுவிலும் நீதிபதிகள் புதிதாகத் தீர்மானிக்க நேர்வது காவல் துறைக்கும் நல்லதல்ல, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நல்லதல்ல. அட்டவணையை மாற்றும் அதிகாரம் மத்திய அரசிடமும், சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமும் உள்ளன.