தண்ணீரில் விழுந்த வீடியோ கேமரா: கடைக்காரர் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

கொடைக்கானலில் சீசன் என்றால் ஏப்ரல், மே மாதங்கள். அந்த நாட்களில் ஏரிச் சாலையிலும் ஏழு ரோடு சந்திப்பிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஈரம் சொட்டும் கேமராவோடு யாராவது வந்து நிற்பது புதிதல்ல. படகிலிருந்து நழுவியது, அருவியில் வழுக்கி விழுந்தது, திடீர் மழையில் நனைந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வருகிறவர் கேட்பது மட்டும் ஒன்றேதான்: "ஓடுகிறதா என்று கொஞ்சம் போட்டுப் பாருங்கள்."

போட்டுப் பார்ப்பதுதான் அந்த நேரத்தில் நாம் செய்யவே கூடாத காரியம். தண்ணீர் கெடுத்த கேமராக்களைவிட, தண்ணீருக்குப் பின் ஸ்விட்சைத் தட்டியதால் கெட்டவை அதிகம் என்று பழுது பார்ப்பவர்கள் சொல்வார்கள். அதற்கான காரணத்தைக் கடைக்காரர் தெரிந்துகொண்டால், மெக்கானிக் இல்லாத இடத்திலும் பாதிப் பொருளைக் காப்பாற்றிவிடலாம்.

கெடுப்பது எது?

சுத்தமான தண்ணீரில் மின்சாரம் அதிகம் பாயாது. அதில் கரைந்திருக்கும் உப்புதான் மின்சாரத்தைக் கடத்துகிறது. கேமராவுக்குள் பேட்டரியின் மின்சாரம் இருக்கும்போது ஈரம் புகுந்தால், போர்டில் உள்ள மெல்லிய செம்புக் கோடுகள் ஒரு பக்கம் கரைந்து மறு பக்கம் படியத் தொடங்கும். முலாம் பூசும் பட்டறையில் நடக்கும் அதே வேலைதான் இது. மின்சாரம் இருந்தால் இந்த அரிப்பு நிமிடங்களில் ஆரம்பித்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் நமக்குச் சில மணி நேரமாவது அவகாசம் கிடைக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். மலை அருவித் தண்ணீரில் உப்பு குறைவு. மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் முயற்சியால் 1863-இல் உருவான கொடைக்கானல் ஏரியின் நீரும் நன்னீர்தான். ஆனால் அதில் சேறும் பாசியும் உண்டு. ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ கடலில் நனைத்துவிட்டு அப்படியே மலைக்கு வருகிறவர்களின் கேமராதான் மிக மோசமான நிலையில் இருக்கும். ஆகவே "எங்கே விழுந்தது?" என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

முதல் பத்து நிமிடம்

1. ஸ்விட்சைத் தொடாமல் பேட்டரியைக் கழற்றுங்கள். சார்ஜரில் போடவே கூடாது. நனைந்த லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். அதைத் தனியே, காகிதம், துணிச் சரக்குகளுக்கு அப்பால் வையுங்கள். மறுபடி அதைப் பயன்படுத்த வேண்டாம்.

2. தேதி, நேரத்தைக் காக்கும் சிறு பட்டன் பேட்டரி பல கேமராக்களில் உண்டு. வெளியே எடுக்கும் வசதி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

3. மெமரி கார்டை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, ஒரு நாளாவது உலர வையுங்கள். அது பிளாஸ்டிக்கில் மூடிய பொருள் என்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கைப்பேசிகளில் படங்கள் போர்டிலேயே இருப்பதால், அங்கே போர்டைப் பிழைக்க வைத்தால்தான் படமும் கிடைக்கும்.

4. மூடிகள், திரை, லென்ஸ் ஆகியவற்றில் கழற்றக்கூடியவற்றைக் கழற்றித் திறந்து, தண்ணீர் வடியும்படி சாய்த்து வையுங்கள். உதறக் கூடாது. உதறினால் நனையாத பாகத்துக்கும் நீர் போய்விடும்.

5. கடல்நீர், காபி, குளிர்பானம் பட்டிருந்தால், பேட்டரி இல்லாத நிலையில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் அலசுவது நல்லது. உப்போடும் சர்க்கரையோடும் உலர்ந்துபோவதைவிட இன்னொரு முறை நனைவது மேல்.

மூடுபனியில் எப்படி உலர்த்துவது?

சமவெளியில் எழுதப்பட்ட ஆலோசனைகள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி இறங்கிய நாளில் ஜன்னலோரம் வைத்த துணியே உலர்வதில்லை. கேமரா எப்படி உலரும்? ஆனால் அதே காற்றைச் சூடாக்கினால் நிலைமை மாறிவிடும். ஈரம் நிறைந்த 15 டிகிரிக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 13 கிராம் நீராவிதான் இருக்கும். 35 டிகிரிக் காற்றோ ஏறத்தாழ 40 கிராம் வரை தாங்கும். எனவே மேலும் கீழும் துளையிட்ட ஒரு மரப்பெட்டியில் சிறிய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு 35 டிகிரிக்குக் கொண்டுவந்தால், மூடுபனிக் காற்றும் மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதமே உள்ள உலர் காற்றாகிவிடும். பல்பு கேமராவை ஒட்டி இருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஹேர் டிரையர், அடுப்பங்கரை, உச்சி வெயில் மூன்றும் வேண்டாம். அவை பிளாஸ்டிக்கை நெளித்து, லென்ஸின் பசையை இளக்கிவிடும்.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதும் நல்ல முறை. நீல நிற ஜெல் ஈரத்தை உறிஞ்சி இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். சுமார் 120 டிகிரியில் வறுத்தால் மறுபடி பயன்படும். ஆனால் நீல நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு நஞ்சு, சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது.

அரிசி விற்கும் நம் உறுப்பினர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. அதன் தவிடும் தூளும் இடுக்குகளில் புகுந்து கெடுக்கும். கைப்பேசியை அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

ஆயினும் உலர்த்துவது முதலுதவி மட்டுமே. தண்ணீர் போனாலும் உப்பும் சேறும் போர்டிலேயே தங்கும். அடுத்த பனியில் மறுபடி ஈரம் இழுத்து அரிக்கும். கூடுமானால் ஒரு நாளுக்குள் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவத் தெரிந்தவரிடம் சேர்த்துவிட வேண்டும். மதுரைக்கு அனுப்புவதானால், சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடைத்து அனுப்புங்கள். மலைக் குளிரிலிருந்து வத்தலக்குண்டு வெப்பத்துக்கு இறங்கியதும் டப்பாவைத் திறந்தால், குளிர்ந்த கேமராவின் மேல் புதிதாக ஈரம் படியும். சூடு சமமாகும் வரை பொறுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

கேசட் என்றால் வேறு விதி

கேசட் கேமராக்களின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் கல்யாணக் கேசட்டுகளும் பழைய கேம்கார்டர்களும் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அந்தக் கேமராக்களில் ஈரம் பட்டால் எச்சரிக்கை காட்டி ஓட மறுக்கும் உணர்கருவி பலவற்றில் உண்டு. அந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும். நனைந்த டேப் உள்ளே இருக்கும் உருளையில் ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுக்கும் பட்டனை அமுக்கினால் டேப் சுருண்டு அறுந்துபோகும்.

அழுக்குத் தண்ணீரில் மூழ்கிய டேப்பை அப்படியே காயவிடுவதும் தவறு. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். குளிர்ந்த டிஸ்டில்டு வாட்டரில் பையோடு போட்டு, ஓரிரு நாளில் வல்லுநரிடம் சேர்க்க வேண்டும். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. 1986-இல் விபத்துக்குள்ளான அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தின் டேப், ஏறத்தாழ ஆறு வாரம் கடலுக்கடியில் கிடந்தது. அதிலிருந்த பதிவையே பொறுமையாகச் சுத்தம் செய்து மீட்டெடுத்தார்கள். கடலில் கிடந்ததையே மீட்க முடியுமென்றால், ஏரியில் நனைந்த கல்யாண வீடியோவை நாம் ஏன் கைவிட வேண்டும்?

பொருளைவிடப் பதிவு பெரிது

வேறு கேமரா வாங்கிக்கொள்ளலாம். தாலி கட்டும் நேரத்தை மறுபடி படம் பிடிக்க முடியாது. மலையில் 2018-இல் பூத்த குறிஞ்சியை எடுத்தவர், அடுத்த பூப்புக்கு 2030 வரை காத்திருக்க வேண்டும். கடன் வாங்கிக் கேமரா வைத்துத் தொழில் செய்யும் கல்யாண வீடியோக்காரருக்கோ அது ஒரு முகூர்த்தத்தின் கூலி மட்டுமல்ல, அடுத்த முகூர்த்தத்தின் பெயரும்கூட. ஆகவே முதலில் பதிவைக் காப்பாற்றுங்கள், கேமரா அடுத்தபடிதான்.

கணக்கும் நாணயமும்

நனைந்த பொருளை வாங்கும்போது ரசீதில் ஐந்து விவரம் எழுதுங்கள்: விழுந்த நேரம், எந்தத் தண்ணீர், பின்னர் ஸ்விட்ச் போட்டார்களா, பேட்டரியும் கார்டும் யாரிடம் உள்ளன, பழுதுச் செலவு எந்தத் தொகையைத் தாண்டினால் கேட்ட பின்பே செய்வது. வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். "நிச்சயம் சரியாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். பொதுவாக நிறுவனங்களின் வாரண்டி நீர்ச் சேதத்தை ஏற்பதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டணம் வாங்கிச் செய்யும் பழுது வேலையும் சேவையே. நம் அவசரத்தால் பொருள் மேலும் கெட்டால் அது சேவைக் குறைபாடாகிவிடும்.

தண்ணீர் குடித்துப் பிழைத்த கேமராவைப் பழைய பொருளாக விற்க நேர்ந்தால், அதை மறைக்காமல் பில்லில் எழுதி விலையைக் குறைத்துக் கொடுப்பதே முறை. இன்று ஓடுவது அடுத்த மழைக்காலத்தில் நின்றுபோகலாம். அப்போது கெடுவது அந்த ஒரு கடையின் பெயர் மட்டுமல்ல. அந்தச் சாலையில் உள்ள அத்தனை கடைகளின் பெயரும்தான்.

"நீர்பட்ட கேமராவின் ஸ்விட்சைத் தொடாதீர், பேட்டரியைக் கழற்றி உடனே கொண்டு வாருங்கள்" என்று ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப் பக்கம் தொங்கவிடுங்கள். செலவு ஓர் அட்டையும் ஒரு மார்க்கர் பேனாவும்தான்.