அரிதினும் அரிதான வழக்கு: மரண தண்டனை விதிப்பில் இந்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் வழிகாட்டுதல்

ஆய்வுச் சுருக்கம்

கொலைக் குற்றத்திற்கு ஆயுள் சிறை, மரண தண்டனை என்னும் இரண்டையே இந்தியச் சட்டம் வகுத்துள்ளது. இரண்டில் ஒன்றைத் தேர்வது விசாரணை நீதிபதியின் விருப்புரிமை. அவ்விருப்புரிமையை நெறிப்படுத்தும் பொறுப்பை மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. 1980 முதல் 2022 வரை உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் பிற்காலத் தீர்ப்புகளில் கையாளப்பட்ட விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது. குற்றத்தை வகைப்படுத்துவதாக இருந்த வழிகாட்டுதல், குற்றவாளியைப் பற்றிய செய்திகளைத் திரட்டும் கடமையாக மாறியதே இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தண்டனை விதிப்பு, மேல்முறையீடு, முன்தீர்ப்பு, தணிக்கும் சூழ்நிலைகள், அரிதினும் அரிதான வழக்கு.

முன்னுரை

அமர்வு நீதிபதி ஒருவர் மரண தண்டனை விதித்துக் கையொப்பமிட்டாலும் அத்தண்டனை உடனே நடைமுறைக்கு வருவதில்லை. குற்றவாளி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் வழக்கின் ஆவணங்கள் உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட வேண்டும். உயர் நீதிமன்றம் உறுதிசெய்யும் வரை தண்டனையை நிறைவேற்ற இயலாது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366-ஆம் பிரிவு இதனை வகுத்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 407-ஆம் பிரிவு இதையே தொடர்கிறது. உயர் நீதிமன்றம் சான்றுகளை முழுமையாக மீளாய்வு செய்யலாம், கூடுதல் சான்று பெற ஆணையிடலாம், தண்டனையை மாற்றலாம், விடுதலையும் செய்யலாம். வேறெந்தத் தண்டனைக்கும் இத்தகைய கட்டாய மறுஆய்வு இல்லை. எனவே, மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்திற்குத் தண்டனை விதிப்பில் எவ்வாறு வழிகாட்டுகிறது என்பதை அறிய மரண தண்டனையே தக்க களமாகிறது.

சட்டம் திசைமாறிய வரலாறு

1898-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 367(5)-ஆம் பிரிவின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் வேறு தண்டனை விதிக்கும் நீதிபதி, ஏன் மரண தண்டனை விதிக்கவில்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். அதாவது தூக்கு என்பது இயல்பு. சிறை என்பது விலக்கு. 1955-இல் இத்தேவை நீக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டுச் சட்டமோ நிலைமையை முற்றிலும் தலைகீழாக்கியது. மரண தண்டனை விதிப்பதற்குச் 'சிறப்புக் காரணங்கள்' எழுதப்பட வேண்டும் என 354(3)-ஆம் பிரிவு கட்டளையிட்டது. தண்டனை குறித்துக் குற்றவாளியைத் தனியே கேட்க வேண்டும் என்னும் 235(2)-ஆம் பிரிவும் அச்சட்டத்தோடு வந்ததே. இக்கேட்பு வெறும் வாய்மொழிச் சடங்கன்று, தண்டனையோடு தொடர்புடைய செய்திகளை நீதிமன்றத்தின் முன் வைப்பதற்கான வாய்ப்பு என்று சாந்தா சிங் வழக்கில் (1976) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவ்வாய்ப்பு அளிக்கப்படாததால் அவ்வழக்கைத் தண்டனைக் கேட்புக்காக அமர்வு நீதிமன்றத்திற்கே திருப்பியனுப்பியது.

சிறப்புக் காரணங்கள் எவை என்பதைச் சட்டம் கூறவில்லை. இவ்வெற்றிடத்தை நிரப்பும் பணி மேல்முறையீட்டு நீதிமன்றங்களிடம் வந்து சேர்ந்தது.

பச்சன் சிங் தீர்ப்பு

1980 மே 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு ஆயம், மரண தண்டனை அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானதன்று என 4:1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சர்க்காரியா. மாறுபட்டவர் நீதிபதி பகவதி. தண்டனைத் தேர்வுக்கு இறுகிய பட்டியல் ஒன்றை வகுக்க நீதிமன்றம் மறுத்தது. ஒரு வழக்கைப் போல மற்றொன்று அமைவதில்லை. தரப்படுத்துவது சட்டமன்றத்தின் பணி என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

பட்டியலை மறுத்த நீதிமன்றம் மூன்று நெறிகளை விட்டுச் சென்றது. குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்பது முதலாவது. குற்றவாளி திருந்தக்கூடியவர் என்பதும், சமூகத்திற்குத் தொடர்ந்து அச்சுறுத்தலாக இருக்கமாட்டார் என்பதும் தணிக்கும் சூழ்நிலைகள். அவை இல்லை என்பதைச் சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பே என்பது இரண்டாவது. மாற்றுத் தண்டனைக்கான வழி ஐயத்திற்கு இடமின்றி அடைபட்டுப்போன, அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை விதிக்கலாம் என்பது மூன்றாவது.

இங்கு மொழி சார்ந்த ஒரு செய்தியைச் சுட்ட வேண்டும். 'அரிதினும் அரிதான வழக்கு' என்னும் தொடர் இன்று தமிழ் இதழியலில் நிலைபெற்றுவிட்டது. ஆயின் அத்தொடரின் மறுபாதியாகிய 'மாற்று வழி அடைபட்ட' என்னும் நிபந்தனை பெரும்பாலும் உடன்வருவதில்லை. நிபந்தனையை நீக்கிவிட்டுப் படித்தால் 'அரிது' என்பது குற்றத்தின் கொடூரத்தைக் குறிக்கும் அடைமொழியாகச் சுருங்கிவிடுகிறது. இச்சுருக்கம் செய்தித்தாள்களில் மட்டும் நிகழவில்லை, தீர்ப்புகளிலேயே நிகழ்ந்தது.

வகைப்பாடும் அதன் விளைவும்

மச்சி சிங் வழக்கில் (1983) மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம், பச்சன் சிங் நெறியை நடைமுறைப்படுத்த எண்ணி ஐந்து வகைகளை வகுத்தது. கொலை செய்யப்பட்ட முறை, கொலைக்கான நோக்கம், குற்றத்தின் சமூக விரோதத் தன்மை, குற்றத்தின் அளவு, கொல்லப்பட்டவரின் நிலை என்பன அவை. சமூகத்தின் கூட்டு மனச்சான்று அதிர்ச்சியுறும்போது, நீதித்துறையிடம் அது மரண தண்டனையை எதிர்பார்க்கும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஐந்து வகைகளும் குற்றத்தைப் பற்றியனவே என்பதும் குற்றவாளியைப் பற்றியது ஒன்றுகூட இல்லை என்பதும் கருதத்தக்கன. நேர்மையாகச் சொல்வதானால், தணிக்கும் சூழ்நிலைகளுக்கு முழு மதிப்பளித்த பின்னரும் மரண தண்டனையன்றி வேறு வழியில்லையா என்னும் வினாவை மச்சி சிங் தீர்ப்பும் இறுதியில் எழுப்பவே செய்கிறது. பின்வந்த தீர்ப்புகள் பல வகைகளை எடுத்துக்கொண்டு வினாவை விட்டுவிட்டன. பணிச்சுமை மிக்க ஒரு நீதிமன்றத்திற்கு, வழக்கை ஐந்து கூடைகளுள் ஒன்றில் இடுவது எளிது. ஒரு மனிதர் திருந்துவாரா என்று ஆராய்வது அரிது.

இப்போக்கின் உச்சமாக அமைந்தது ராவ்ஜி வழக்கின் தீர்ப்பு. தண்டனையைத் தீர்மானிப்பதில் குற்றத்தின் தன்மையும் கடுமையுமே கருதத்தக்கன, குற்றவாளி அல்லர் என்று இரு நீதிபதிகள் கொண்ட ஆயம் கூறியது. இது ஐவர் ஆயம் வகுத்த நெறிக்கு நேர்முரணானது. ஆயினும் உச்ச நீதிமன்றத்தின் வேறு சில தீர்ப்புகளும் இதனைப் பின்பற்றின. சுர்ஜா ராம் வழக்கு அவற்றுள் ஒன்று.

2009-இல் சந்தோஷ் குமார் பரியார் வழக்கில்தான் இப்பிழை வெளிப்படையாக ஏற்கப்பட்டது. தன்னைக் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பைக் கருத்திற்கொள்ளாமல் ராவ்ஜி தீர்ப்பு வழங்கப்பட்டது. அதனைப் பின்பற்றிய தீர்ப்புகளும் அவ்வாறே குறையுடையன என்று நீதிபதி எஸ்.பி. சின்கா எழுதினார். சட்டக் கோட்பாட்டளவில் இது தெளிவான திருத்தம். ஆனால் ராவ்ஜி, சுர்ஜா ராம் ஆகிய இரு வழக்குகளிலும் தண்டிக்கப்பட்டவர்கள் 1990-களிலேயே தூக்கிலிடப்பட்டுவிட்டனர். 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் இவ்விருவரையும் சுட்டிக்காட்டி, பிழையான முன்தீர்ப்பின் அடிப்படையில் தண்டனை பெற்று எஞ்சியிருந்த 13 பேரின் தண்டனையை ஆயுள் சிறையாக மாற்றுமாறு குடியரசுத் தலைவருக்கு மடல் எழுதினர். பொதுவாக ஒரு முன்தீர்ப்பு பிழையென அறியப்பட்டால் எதிர்கால வழக்குகள் திருந்தும். கடந்த வழக்குகள் அவ்வாறே நிற்கும். பிற சட்டத் துறைகளில் இது ஏற்கத்தக்க இழப்பாக இருக்கலாம். இங்கு அவ்வாறு கூற இயலவில்லை.

சங்கீத் வழக்கு (2013) மற்றொரு நடைமுறையையும் கேள்விக்குள்ளாக்கியது. கடுமையாக்கும் சூழ்நிலைகளை ஒரு தட்டிலும் தணிக்கும் சூழ்நிலைகளை மறுதட்டிலும் வைத்து நிறுப்பது நீதிமன்றங்களின் வழக்கமாயிருந்தது. முன்னவை குற்றத்தைச் சார்ந்தன, பின்னவை குற்றவாளியைச் சார்ந்தன. வேறுபட்ட இரு பொருள்களை ஒரே துலாக்கோலில் நிறுக்க இயலாது என்று அத்தீர்ப்பு கூறியது. குற்றவாளியைக் கருதும் நெறி உச்ச நீதிமன்றத்தாலேயே முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்றும் அது ஒப்புக்கொண்டது.

மேல் நீதிமன்றத்திற்கு மட்டும் உரிய மூன்றாம் தண்டனை

ஆயுள் சிறை என்பது சட்டப்படி வாழ்நாள் முழுமைக்குமான சிறையே. எனினும் கொலை வழக்குகளில் 14 ஆண்டுகள் முடிந்த பின் அரசு தண்டனைக் குறைப்பு வழங்க இயலும். 14 ஆண்டுகளுக்கும் தூக்குக்கும் இடையிலான இந்த இடைவெளி, நீதிபதிகளைத் தூக்கை நோக்கித் தள்ளக்கூடும் என்று சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் உணர்ந்தது. தண்டனைக் குறைப்புக்கு இடமில்லாத நீண்டகாலச் சிறை என்னும் இடைநிலைத் தண்டனையை அது உருவாக்கியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றோரை விடுவிக்கத் தமிழ்நாடு அரசு 2014-இல் முற்பட்டதிலிருந்து எழுந்த ஸ்ரீஹரன் வழக்கில், அரசமைப்பு ஆயம் 2015 டிசம்பரில் 3:2 என்ற பெரும்பான்மையில் இதனை ஏற்றது. ஆனால் இத்தண்டனையை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விதிக்கலாம். விசாரணை நீதிமன்றம் விதிக்க இயலாது.

இதன் விளைவு விந்தையானது. குற்றவாளியை நேரில் கண்டு, சாட்சிகளை நேரில் கேட்ட அமர்வு நீதிபதிக்கு இரண்டு தண்டனைகளே உள்ளன. ஆவணங்களை மட்டும் படிக்கும் மேல் நீதிமன்றத்திற்கு மூன்று உள்ளன. மாற்று வழி அடைபட்டதா என்று ஆராயுமாறு அமர்வு நீதிபதிக்குக் கட்டளையிடும் மேல் நீதிமன்றமே, மிகப் பொருத்தமான மாற்று வழியை அவரிடமிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கீழ் நீதிமன்றத் தண்டனையை மேல் நீதிமன்றம் மாற்றும்போதெல்லாம் அதனைக் கீழ் நீதிமன்றத்தின் பிழை எனக் கொள்வது இக்காரணத்தால் முழுமையாகப் பொருந்தாது.

எண்களற்ற வழிகாட்டுதல்

இங்கிலாந்தின் அனுபவம் ஒப்பிடத்தக்கது. அங்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980-களில் வழிகாட்டும் தீர்ப்புகளில் எண்களையே கூறியது. 1986-ஆம் ஆண்டுப் பில்லம் தீர்ப்பில், கடுமையாக்கும் சூழ்நிலை ஏதுமற்ற, குற்றத்தை மறுத்து விசாரிக்கப்பட்ட பாலியல் வன்புணர்வு வழக்கிற்கு 5 ஆண்டுகளைத் தொடக்கப் புள்ளியாகக் குறித்தது. 2010 முதல் அப்பணியைத் தண்டனை வழிகாட்டுதல் மன்றம் என்னும் தனி அமைப்பு செய்து வருகிறது. இந்தியாவில் அத்தகைய அமைப்பு இல்லை. பிரேம் சாகர் வழக்கிலும் (2008) சோமன் வழக்கிலும் (2013) உச்ச நீதிமன்றமே இக்குறையைச் சுட்டியுள்ளது. இந்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொற்களால் வழிகாட்டுகின்றன. சொற்களோ கைமாறும்தோறும் பொருள் மாறுகின்றன.

செய்திகளைத் திரட்டும் கடமை

2022 மே மாதம் வழங்கப்பட்ட மனோஜ் தீர்ப்பு இச்சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகியது. எவற்றைக் கருத வேண்டும் என்பது 1980 முதலே கூறப்பட்டு வந்துள்ளது. கருதுவதற்குரிய செய்திகள் வழக்கு ஆவணத்தில் இல்லை என்பதே உண்மையான குறை என்று அத்தீர்ப்பு கண்டது. எனவே, குற்றஞ்சாட்டப்பட்டவரின் உளநல மதிப்பீட்டை அரசுத் தரப்பு விசாரணைக் கட்டத்திலேயே அளிக்க வேண்டும் என்று நீதிபதி ரவீந்திர பட் எழுதினார். வயது, இளமைக்காலக் குடும்பச் சூழல், கல்வி, பொருளாதார நிலை, முந்தைய குற்றங்கள் ஆகியவை பற்றிய விவரங்களும் உரிய காலத்திற்குள் திரட்டப்பட வேண்டும். சிறையில் அவருடைய நடத்தை, செய்த வேலை, பெற்ற கல்வி ஆகியவற்றைப் பற்றிய அறிக்கையும் வேண்டும்.

இது வழிகாட்டுதலின் இயல்பையே மாற்றுகிறது. மேல் நீதிமன்றம் இங்கு 'இதற்கு இவ்வளவு மதிப்பளி' என்று கூறவில்லை. 'இதனை அறியாமல் தீர்ப்பெழுதாதே' என்கிறது. இத்தகைய கட்டளையின் மீறலைக் கண்டறிவதும் எளிது. கொடூரம் மிகையாக மதிக்கப்பட்டதா என்பதில் இரு நீதிபதிகள் மாறுபடலாம். சிறை அறிக்கை ஆவணத்தில் உள்ளதா இல்லையா என்பதில் மாறுபட இடமில்லை. 1976-ஆம் ஆண்டுச் சாந்தா சிங் தீர்ப்பு கேட்ட அதே வினாவுக்கு 46 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நடைமுறை விடை இது எனலாம்.

எனினும் காலம் என்னும் சிக்கல் எஞ்சியுள்ளது. குற்றவாளி எனத் தீர்ப்பளித்த நாளிலேயே தண்டனையையும் அறிவிப்பது பல அமர்வு நீதிமன்றங்களின் வழக்கம். அவ்வாறு அறிவித்தால் செய்திகளைத் திரட்டுவது எங்ஙனம்? இது குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிடையே முரண்பாடு இருப்பதைக் கண்ட மூவர் ஆயம், 2022 செப்டம்பர் 19 அன்று இவ்வினாவை ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயத்தின் தீர்வுக்கு அனுப்பியது.

மனோஜ் தீர்ப்பின் கட்டளை மரண தண்டனை வழக்குகளுக்கே உரியது. பிற கொடுங்குற்றங்களின் நிலையைக் கிருஷ்ணப்பா வழக்கு (2000) காட்டும். சிறுமி ஒருத்தியைப் பாலியல் வன்புணர்வு செய்த அவ்வழக்கில் விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டுகள் விதித்தது. குற்றவாளி கல்வியறிவற்ற சிற்றூர்வாசி, குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர் என்பன போன்ற காரணங்களைக் கூறி உயர் நீதிமன்றம் அதனை 4 ஆண்டுகளாகக் குறைத்தது. அவை போதிய காரணங்கள் ஆகா எனக் கண்டித்து உச்ச நீதிமன்றம் 10 ஆண்டுகளை மீட்டளித்தது. குற்றவாளியைப் பற்றிய இத்தகைய விவரங்களை யார், எந்த அறிக்கையின் வழி நீதிமன்றத்தின் முன் நிறுவ வேண்டும் என்பதை அத்தீர்ப்பு வகுக்கவில்லை. மனோஜ் தீர்ப்பு விதித்ததைப் போன்ற கடமை இவ்வகை வழக்குகளுக்கு நீட்டிக்கப்படவும் இல்லை.